நாய் என்று எழுதிய தாள்

கதவுக்கு மேலே கூரைப் புல்லில் ஒரு நாணல் செருகியிருந்தது. அது அங்கே இருக்கும்வரை அந்த வட்டக் குடிலுக்குள் ஆண்பிள்ளை கால் வைக்கக் கூடாது. பிள்ளையின் அப்பனானாலும் சரி, தாத்தனானாலும் சரி. அதனால் பேரன் பிறந்து ஏழு நாளாகியும் லெட்சிகா அவனைச் சுவர் வழியாகத்தான் அறிந்திருந்தான். ஒரு அழுகை, ஒரு தும்மல், நீளமான விக்கல். காலையில் மலூட்டி மலையிலிருந்து மூடுபனி இறங்கி வந்து முற்றத்தில் உட்காரும். கிழவனும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு அதற்குள்ளே உட்கார்ந்திருப்பான். தூரத்திலிருந்து பார்த்தால் எது மூட்டம், எது கிழவன் என்று தெரியாது.

ஏழு மணியானதும் எழுந்திருப்பான். பீச் மரத்தில் ஒரு பழைய ஏர்க்கொழு தொங்கியது. அதை இரும்புக் கம்பியால் மூன்று தட்டுத் தட்டுவான். எல்லைக்கு அந்தப் பக்கம் தங்கச் சுரங்கத்தில் இருபத்தாறு வருஷம் சங்கு ஊதினால் எழுந்து, சங்கு ஊதினால் இறங்கின உடம்பு. நேரத்தை அவன் மறந்தாலும் அந்த உடம்பு மறக்காது.

"நாயே! குடிச்சியா?" என்று கத்துவான்.

உள்ளேயிருந்து அவனுடைய அக்கா மாபுலானேயின் குரல் வரும். லெட்சிகாவின் மகள் லிபுவோவின் தலைப்பிரசவத்துக்குத் துணையாக வந்தவள் அவள். அவளுக்கு ஒரு கண்ணில்தான் பார்வை. நாக்கு ரெண்டு ஆளுக்குப் போதும்.

"குடிச்சுது, குடிச்சுது. பாதி வயித்துல, பாதி என் கம்பளியில."

"மருந்து எவ்வளவு ஊத்தின?"

"ஊசிக்குழாயில கோடு வரைக்கும்."

"கோட்டுக்கு மேலயா கீழயா?"

"சந்தேகமா இருந்தா உள்ள வந்து பாரேன்டா!"

வர முடியாதென்று தெரிந்துதான் கூப்பிடுகிறாள். உள்ளே லிபுவோ சிரிப்பது கேட்கும். பிறகு அவளே, "நானும் மாத்திரை போட்டுட்டேம்ப்பா" என்பாள். அதைக் கேட்டபிறகுதான் லெட்சிகா குதிரைக்குத் தீனி வைக்கப் போவான்.

லிபுவோவுக்கு எச்.ஐ.வி. இருந்தது. வயிற்றில் நான்கு மாதம் ஆனபோது ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் சுகாதார நிலையத்தில் ரத்தம் எடுத்துச் சொன்னார்கள். அவளுக்கு எப்படி வந்தது என்று லெட்சிகா கேட்கவில்லை. கேட்கிற யோக்கியதை தனக்கு இல்லை என்று அவனுக்குத் தெரியும். நர்ஸ் பொலோக்கோவிடம் மட்டும் ஒரு கேள்வி கேட்டான்.

"பிள்ளைக்கு வருமா, வராதா?"

"இவ தினமும் மாத்திரை போடணும். பிறந்த பிள்ளைக்கு ஆறு வாரம் சொட்டு மருந்து குடுக்கணும். ஆறு மாசம் தாய்ப்பாலத் தவிர வேற எதுவும் வாயில படக்கூடாது, தண்ணிகூட. இவ்வளவும் செஞ்சா, நூறு பிள்ளைங்கள்ல ரெண்டு மூணுக்குத்தான் வரும், பெரியவரே."

"அந்த ரெண்டு மூணு யார் வீட்டுப் பிள்ளை?"

நர்ஸ் பதில் சொல்லவில்லை. லெட்சிகா அதைக் குறித்து வைத்துக்கொண்டான். பதில் சொல்லாதவர்களை அவன் கொஞ்சம் நம்புவான். சுரங்கத்து டாக்டர் எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னவன். நெஞ்சைப் படம் எடுத்து, நல்ல நெஞ்சு என்று தாளில் எழுதி, முத்திரை குத்தி அனுப்பினான். அந்த நல்ல நெஞ்சு இப்போது ஏற்றத்தில் நாலு எட்டு வைத்தால் இரைக்கிறது. அதிலிருந்து தாளில் எழுதிய எதையும் அவன் நம்புவதில்லை.

நாய் என்று பேரனைக் கூப்பிட்டதற்குக் காரணம் இருந்தது. லெட்சிகாவுக்கு லிபுவோவுக்குப் பிறகு ஒரு ஆண்பிள்ளை பிறந்தான். சந்தோஷத்தில் மொரேனா என்று பெயர் வைத்தார்கள், அரசன் என்று அர்த்தம். ஆட்டை அறுத்து, சோள பீர் காய்ச்சி, ஊரைக் கூப்பிட்டார்கள். ஊர் முழுவதும் அரசனைத் திரும்பிப் பார்த்தது. சாவும் திரும்பிப் பார்த்தது. எட்டாவது மாதம் அரசன் போனான். அடுத்த குளிர்காலத்தில் அவனுக்குப் பால் கொடுத்த தாய், லெட்சிகாவின் மனைவி மாலிபுவோவும் போனாள். அப்போது மாத்திரை மலைக்கு வரவில்லை. வந்தபோது நோய் கண்டவர்களில் லெட்சிகா மட்டும்தான் மிச்சம். நோயைச் சுரங்கத்திலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தவன் அவன். யாரும் அவனிடம் இதைச் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. பொடி டப்பாவுக்குள் மாத்திரையை ஒளித்து வைத்து, ஆட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் போய் விழுங்குவான். நெஞ்சுக்கு என்று மகளிடம் சொல்லியிருந்தான்.

பிள்ளை தங்காத வீட்டில் அடுத்து வருகிற பிள்ளைக்கு நாய், குரங்கு, குப்பை என்று பெயர் வைப்பது அந்த மலை வழக்கம். பிள்ளையைக் கொண்டுபோகத் தேடி வருகிறவர்கள், இந்த வீட்டில் பிள்ளை இல்லை, நாய்தான் இருக்கிறது என்று போய்விடுவார்கள். மாப்பிள்ளை வீட்டார் பபாலோ என்று பெயர் சொல்லி அனுப்பியிருந்தார்கள். லிபுவோ அதைத் தன் சுகாதாரப் புத்தகத்தில் எழுதி வைத்துக்கொண்டாள். வீட்டில் அந்தப் பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

ஆனால் தேடி வந்தது யார் என்பதுதான் லெட்சிகாவின் தொல்லை. விடிவதற்குச் சற்று முன்னால் அவன் கனவில் மாலிபுவோ வந்தாள். குடிலுக்கு எதிரே, மூட்டத்தில், ஈரக் காலோடு நிற்பாள். முதுகில் கம்பளிக்குள் மொரேனா இருப்பான். இன்னும் எட்டு மாதம்தான் அவனுக்கு. அவள் நாணலையே பார்ப்பாள். ஒன்றும் பேசமாட்டாள். நிற்கிற இடத்தில் புல் வெள்ளையாகிக்கொண்டே போகும், யாரோ பாலைக் கொட்டினது போல. விழித்துப் பார்த்தால் உறைபனி.

அவளோடு பதினான்கு வருஷம் வாழ்ந்தவன். அவளுக்குப் பிள்ளை ஆசை எவ்வளவு என்று தெரியும். உயிரோடு இருந்தவரை அவளை ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை. இப்போது சந்தேகப்பட்டான்.

மூன்றாம் வாரம் ஒரு மதியம் சுவரோரம் வெயில் காய்ந்துகொண்டிருந்தபோது உள்ளே எனாமல் கிண்ணத்தில் கரண்டி தட்டும் சத்தம் கேட்டது.

"அக்கா! என்ன சத்தம் அது?"

"நான் கூழு குடிக்கிறேன்டா."

"நீ கரண்டி புடிச்சு நான் பாத்ததில்லயே. அறுபது வருஷமா கையாலதான வழிச்சு நக்குற."

உள்ளே சத்தம் நின்றது.

"ஒரு சொட்டுதான்டா," என்றாள் மாபுலானே. "புளிச்ச கூழு, தெளிஞ்ச தண்ணி. வெறும் பாலக் குடிச்சு எந்தப் பிள்ளடா தேறியிருக்கு? ராத்திரியெல்லாம் கத்துது."

"வாயில வச்சியா?"

"இன்னும் வைக்கல."

"வச்ச, நாணலாவது மண்ணாவதுன்னு உள்ள பூந்து உன் இன்னொரு கண்ணையும் எடுத்துடுவேன்."

"வாடா பாக்கலாம்!"

அவன் அசையவில்லை. ஆனால் லிபுவோ விழித்துக்கொண்டாள். கிண்ணம் வெளியே பறந்து வந்து பனியில் உருண்டது. கோழிகள் கூழைக் கொத்தின. அன்றிலிருந்து லெட்சிகா சுவரை விட்டு நகரவில்லை. இரும்புக் கரண்டி ஒன்று, மரக் கரண்டி ஒன்று, ரெண்டையும் கேட்டு வாங்கித் தன் கம்பளிக்குள் வைத்துக்கொண்டான்.

ஆறு வாரம் முடிந்தது. மாபுலானே நாணலை உருவினாள். லிபுவோ வெளியே வந்து மூட்டையை அப்பன் கையில் வைத்தாள். மூட்டைக்குள் ஒரு நெற்றி, சுருங்கின நெற்றி. எதையும் நம்பாத முகம். 'இது என் முகமல்லவா' என்று கிழவன் நினைத்தான்.

டைனமைட் என்கிற தன் குதிரையில் மகளை உட்கார வைத்து, கடிவாளத்தைப் பிடித்து நடந்தான். சுகாதார நிலையத்தில் அன்று கூட்டம் கதவுக்கு வெளியே வரை நின்றது. லிபுவோவின் ரத்தத்தில் கிருமி எவ்வளவு என்று பார்க்க அவளை உள்ளறைக்குக் கூப்பிட்டார்கள். புத்தகம் அவள் கையோடு போய்விட்டது. பிள்ளை தாத்தனிடம் இருந்தது. கீழ்நாட்டிலிருந்து ரெண்டு நாள் வேலைக்கு வந்த ஒரு பையன் மேஜையில் இருந்தான். நிமிர்ந்து பார்க்க நேரமில்லை அவனுக்கு. பிஞ்சுக் குதிகாலில் குத்தி, ஒரு அட்டையில் இருந்த வட்டங்களில் ரத்தத்தை ஒற்றினான். ஐந்து சிவப்புப் பொட்டு.

"பேரு?"

லெட்சிகா கதவைப் பார்த்தான். கதவு திறந்து கிடந்தது. வெளியே மூட்டம். அதற்குள் பெண்கள் வரிசையாக, கம்பளி போர்த்தி, முதுகில் பிள்ளையோடு நின்றார்கள். அதில் ஒருத்தியின் கால் ஈரமாக இருந்தது.

"நாய்," என்றான்.

பையன் எழுதினான்.

"ஊரு?"

பள்ளத்தாக்கின் தலைமாட்டில், வெள்ளத்துக்குப் பிறகு எல்லாரும் விட்டுப்போன ஒரு ஊரின் பெயரைச் சொன்னான். அங்கே இப்போது கழுகுதான் குடியிருக்கிறது.

"தாய் பேரு?"

"தாய் செத்துட்டா."

பையன் அதையும் எழுதினான். எண் போட்ட சின்னச் சீட்டு ஒன்றைக் கிழித்துக் கொடுத்தான். சோதனை முடிவுத் தாள் வரும்போது இதைக் கொண்டுவர வேண்டும் என்றான். லெட்சிகா வெளியே வந்து அந்தச் சீட்டைச் சுருட்டி, அங்கே குளிர்காய மூட்டியிருந்த நெருப்பில் பற்றவைத்து, அதைக்கொண்டு தன் புகைக்குழாயைப் பற்றவைத்துக்கொண்டான். தடம் இருந்தால்தானே தேடி வருவார்கள். புகை நீலமாக மூட்டத்தில் கலந்தது. இத்தனை நாளில் முதல்முறையாக அவனுக்கு நெஞ்சு இரைக்கவில்லை.

நான்கு வாரம் கழித்து லிபுவோ புத்தகத்தோடு போய்க் கேட்டாள். பபாலோ என்ற பெயரில் தாள் எதுவும் வரவில்லை. பெட்டி பெட்டியாகத் தேடினார்கள். வழியில் பனியில் காணாமல் போயிருக்கலாம் என்றார்கள். மறுபடி குத்தி, மறுபடி ஒரு மாதம் காத்திருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்தவள் கதவோரம் சரிந்து உட்கார்ந்தாள். பிள்ளை மார்பை முட்டியது. அவள் கொடுக்கவில்லை.

"குடுடி," என்றான் அப்பன்.

"எனக்குப் பயமா இருக்குப்பா. வராத தாள்ல என்ன இருந்துச்சோ. இதுவரைக்கும் தப்பிச்சிருந்தாலும் இனிமே என் பால்ல போச்சுன்னா? என் பாலயே நம்ப முடியல. பசும்பாலும் கூழும் குடுத்துடறேன். அத்தை சொல்றதுதான் சரி."

"நான் அப்பவே சொன்னேன்," என்று மாபுலானே அடுப்பங்கரைக்கு எழுந்தாள். "அந்தக் கரண்டியக் குடுடா."

லெட்சிகா கம்பளிக்குள் கரண்டிகளை இறுகப் பிடித்துக்கொண்டான். தாய்ப்பாலையும் கூழையும் மாற்றி மாற்றிக் கொடுத்தால் பிஞ்சுக் குடல் புண்ணாகும், கிருமி அந்த வழியாகத்தான் போகும் என்று நர்ஸ் சொன்னது அவனுக்கு மனப்பாடம். உண்மையைச் சொன்னால் தாள் கிடைக்கும், மகள் பயம் தீரலாம். சொல்லிவிட்டால் நாய் நாயாக இருக்காது. காற்று கேட்கும், மூட்டம் கேட்கும், ஈரக் கால்காரி கேட்பாள்.

"நாளைக்கு மதியம் வரைக்கும் பால் குடு. எனக்காகக் குடு," என்றான். "அதுக்கப்புறம் உன் இஷ்டம்."

அவன் கெஞ்சி அவள் பார்த்ததில்லை. மார்பைப் பிள்ளைக்குக் கொடுத்தாள்.

விடிந்ததும் குதிரையேறினான். பீச் மரம் அந்த வாரம்தான் பூத்திருந்தது. அதன்மேல் பருவம் தப்பிப் பனி விழுந்திருந்தது. வெள்ளைக்குள் இளஞ்சிவப்பு. நர்ஸ் பொலோக்கோ மேஜையில் இருந்தாள். அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான்.

"நாய்னு ஒரு தாள் வந்திருக்கா?"

நர்ஸ் எழுந்தேவிட்டாள். "நீங்கதானா அது! ரெண்டு வாரமா இந்த நாயத் தேடறேன் பெரியவரே. ஆளில்லாத ஊருக்குக் குதிரையில ஆள் அனுப்பினேன். அந்தம்மா கழுகு துரத்தித் திரும்பி வந்தா!"

"அது எங்க வீட்டு நாய். லிபுவோவோடது."

அவள் இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்தாள். பார்த்தாள். மடித்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"சொல்லுங்க."

"தாய் வந்தாதான் குடுப்பேன். அதுதான் சட்டம்."

"தாய் செத்துட்டான்னு அதுல எழுதியிருக்கே."

"எழுத வச்சது யாரு? போங்க. போய் உயிரோட கூட்டிட்டு வாங்க."

திரும்பி வரும்போது பனி நின்றிருந்தது. சத்தமே இல்லை. குதிரையின் மூச்சு முன்னால் போய் நின்று, குதிரை அதற்குள் நுழைந்து, மறுபடி முன்னால் போனது. கிழவனுக்குக் கண் சொருகியது. யாரோ அங்கவடியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நடப்பது தெரிந்தது. பார்க்காமலே யாரென்று தெரிந்தது. ஈரக் கால் பனியில் தடம் வைக்கவில்லை.

"அவனைத் தூக்கிட்டுப் போக வந்தியா?" என்று கேட்டான். கேட்க அவனுக்குப் பத்து வாரமாகியிருந்தது.

"நான் எதுக்குத் தூக்கணும்?" என்றாள் மாலிபுவோ. குரல் மாறவே இல்லை. "என் முதுகுல ஒருத்தன் இருக்கான், பாக்கல? இவனே கனக்கிறான். உன் பேரனுக்கு என்ன பேருன்னு கேக்கத்தான் தினமும் வரேன். நீ நாய் நாய்னு கத்துற. நம்ம வம்சத்துக்கு நாயா பொறக்கும்?"

"நீ அவனக் கொண்டுபோயிடுவியோன்னு பயந்தேன்."

"கொண்டுவந்தவன் நீ. கொண்டுபோனவ நானா?"

அவள் கோபமாகச் சொல்லவில்லை. ஆறு அந்தப் பக்கம் இருக்கிறது என்பது போலச் சொன்னாள். லெட்சிகா அழுதான். குளிரில் கண்ணீர் தாடியிலேயே நின்றது.

"பபாலோ," என்றான். "பபாலோன்னு பேரு."

"நல்ல பேரு," என்றாள். முதுகிலிருந்த மொரேனா கையை நீட்டிக் குதிரையின் பிடரியைப் பிடித்துப் பார்த்தான். பிறகு டைனமைட் நின்றுவிட்டது. வீட்டு வாசல். பீச் மரத்திலிருந்து பனி உதிர்ந்தது, பூ உதிரவில்லை.

குதிரையிலிருந்து இறங்காமலே மகளிடம் எல்லாவற்றையும் சொன்னான். அட்டை, கழுகு ஊர், செத்த தாய், புகைக்குழாய். லிபுவோ வாயைத் திறந்தபடி கேட்டாள்.

"என்னயே சாகடிச்சிட்டீங்களாப்பா?"

"உன்னக் காப்பாத்தத்தான்."

"சீட்ட வச்சுப் பொக புடிச்சீங்களா?"

"நல்லாவே பிடிச்சுது."

அவள் கையில் கிடைத்த சாணி உருண்டையை எடுத்து அவன் மேல் எறிந்தாள். அது தொப்பியில் பட்டது. பிறகு பிள்ளையைக் கட்டிக்கொண்டு குதிரையில் ஏறினாள். லெட்சிகா மறுபடி நடந்தான். ஏற்றத்தில் நாலு எட்டுக்கு ஒருதரம் நின்று நின்று போனான்.

நர்ஸ் தாளை லிபுவோவிடம் கொடுத்தாள். லிபுவோ படித்தாள். படித்துவிட்டு அப்பனிடம் நீட்டினாள். அவனுக்கு எழுத்து அவ்வளவாக வராது. மகள் விரலை வைத்துக் காட்டினாள்.

"நாய். ஆண். கிருமி இல்ல."

"முத்திரை இருக்கா?"

"இருக்கு."

"முத்திரைய நான் நம்பமாட்டேன்," என்றான். நர்ஸைப் பார்த்தான். "நீ சொல்லு."

"இல்ல பெரியவரே. இன்னிக்கு இல்ல. ஆனா முடிஞ்சிடல. பால் குடிக்கிற வரைக்கும் இவ மாத்திரைய விடக்கூடாது. ஒம்பதாம் மாசம் ஒரு தரம் பாக்கணும். பால் நிறுத்தினப்புறம் கடைசியா ஒரு தரம். அதுவரைக்கும் நானும் சத்தியம் பண்ணமாட்டேன்."

சத்தியம் பண்ணமாட்டேன் என்றதும்தான் அவன் நம்பினான். வெளியே வந்து, குதிரையின் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றான். குதிரைக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் நின்றது.

மறுநாள் காலை ஏழு மணி. மூட்டம் வந்து முற்றத்தில் உட்கார்ந்தது. ஏர்க்கொழு மூன்று தரம் ஒலித்தது.

"லிபுவோ! போட்டியா?"

"இதோ தண்ணியோட நிக்கிறேம்ப்பா," என்று கதவுக்கு வெளியே வந்தாள் அவள், இடுப்பில் பபாலோவோடு. "நீங்க போட்டீங்களா?"

கிழவன் திடுக்கிட்டான்.

"ஆட்டுக்கொட்டிலுக்குப் பின்னால போய் எந்த நெஞ்சுவலி மாத்திரையும் யாரும் பன்னெண்டு வருஷமா முழுங்கமாட்டாங்கப்பா. இங்கயே போடுங்க."

மாபுலானே உள்ளேயிருந்து, "கரண்டியில வேணுமாடா?" என்று கேட்டுச் சிரித்தாள்.

லெட்சிகா பொடி டப்பாவைத் திறந்தான். மகள் தண்ணீர்க் குவளையை நீட்டினாள். மூட்டத்துக்கு அந்தப் பக்கம் யாராவது நிற்கிறார்களா என்று ஒருமுறை பார்த்தான். தெரியவில்லை. நின்றாலும் பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டு, முற்றத்தின் நடுவிலேயே மாத்திரையை விழுங்கினான். பேரன் நெற்றியைச் சுருக்கி, நம்பாமல் பார்த்தான்.